பட்டம் விற்கப் போனேன், உளவாளி ஆனேன்

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் நடந்தது இது. கொழும்பில் பார்த்த வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் திரும்பியிருந்தேன். நல்லூரில் ஒரு சின்னக் கடை பேசி வைத்திருந்தேன். கட்டி முடித்த பட்டங்களை அதில் விற்பதுதான் என் திட்டம். பொங்கல் முடிந்ததும் முடிவு சொல்லாவிட்டால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார். வேலையும் இல்லை, கடையும் இல்லை என்று நடுத்தெருவில் நிற்கப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இறங்காமல், யார் வாங்குவார்கள், யார் போட்டி, என்ன விலை போகும் என்று முதலில் விசாரிப்போம் என நினைத்து, பட்டத்துக்குப் பேர்போன வல்வெட்டித்துறைக்கு ஸ்கூட்டியில் போனேன்.

போன நாள்தான் பிழை. பொங்கலன்று அங்கே கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும். அதற்கு ஒவ்வொரு குழுவும் மாதக்கணக்காக ஒளித்து வைத்துப் பட்டம் கட்டும். என்ன உருவம் என்று பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. அந்த நேரம் பார்த்து முன்பின் தெரியாத ஒருத்தி கைபேசியும் கையுமாக வந்து, எவ்வளவு பெரிது, என்ன உருவம், எத்தனை பேர் கட்டுகிறீர்கள் என்று கேட்டால் விடுவார்களா? ஒரு வீட்டில் நான் படலையைத் திறந்ததும் உள்ளே இருந்தவர்கள் அவசரமாகப் போர்வையை இழுத்து எதையோ மூடினார்கள். இன்னொரு வீட்டில் தேநீரும் வடையும் தந்து நன்றாக உபசரித்தார்கள், பட்டத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

கடைசியில் ஓர் இளைஞர் நேராகவே கேட்டுவிட்டார்.

“அக்கா, நீங்கள் ஆருடைய ஆள்? எந்தக் குழு உங்களை அனுப்பினது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேலையை விட்டது, கடை பேசியது எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். இப்போது கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், பொங்கலன்று வாருங்கள், கேட்டதெல்லாம் சொல்கிறேன் என்றார்.

போனேன். கடற்கரை முழுக்கச் சனம். அந்த இளைஞரின் குழு கட்டிய பட்டம் ஒரு பாய்க்கப்பல். ஒரு வீட்டுக் கூரை அளவு இருந்தது. இது எங்கே எழும்பப் போகிறது என்றுதான் நினைத்தேன். தூரத்தில் கயிற்றைப் பிடித்தவர்கள் ஓடத் தொடங்க, கப்பல் மணலில் கொஞ்சத் தூரம் இழுபட்டது. பிறகு காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாய்கள் விரிந்தபடி அது கடலுக்கு மேலே போக, அதில் பூட்டியிருந்த விண் என்னும் நாடா காற்றுப் பட்டுப் பெருஞ்சத்தமாகக் கூவியது. கயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தொட்டேன். தோள் வரைக்கும் அதிர்ந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது.

இப்படி ஒன்றை விற்றால் என்ன விலை சொல்வீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அந்த இளைஞருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“விக்கிறதோ? இஞ்சை ஒருத்தரும் பட்டம் வாங்கிறேல்லை அக்கா. இதையும் நாளைக்குப் பிரிச்சுப்போடுவம். அடுத்த முறைக்கு வேறை கட்ட வேணுமெல்லே.”

என் திட்டம் அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. ஆனால் மேலே அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் துக்கமே வரவில்லை. மாதக்கணக்கான உழைப்பை ஒரே ஒரு பின்னேரத்துக்காக இப்படி வானத்தில் விடுகிறார்களே என்ற வியப்புத்தான் நிறைந்திருந்தது. பிறகு அவர் தன் பாட்டில் ஒரு குறை சொன்னார்.

“கடதாசி வாங்கப் போறதுதான் பெரிய கரைச்சல். என்ன நிறம் வாங்கினமெண்டு கடைக்காரர் மற்றக் குழுவுக்குச் சொல்லிப்போடுவினம்.”

அடுத்த நாளே உரிமையாளரிடம் போய்க் கடையை எடுத்துக்கொண்டேன். இன்று அதில் பட்டம் இல்லை. கடதாசி, நூல், சீவிய மூங்கில் எல்லாம் இருக்கின்றன. ஐப்பசி பிறந்தால் வல்வெட்டித்துறைக் குழுக்கள் வந்துவிடும். யார் என்ன வாங்கினார்கள் என்பதை என் கணவரிடம்கூட நான் சொல்வதில்லை. என் கடைக் கடதாசி என்னவாக மாறியது என்பது பொங்கலன்று கடற்கரையில் அண்ணாந்து பார்க்கும்போதுதான் எனக்கே தெரியவரும். அந்த நேரம் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.