பதினோரு மூட்டைச் சாமை

முழங்கை வரை மூட்டைக்குள் புதைந்திருக்கிறது காசியம்மாளின் வலக்கை. மேலே கிடக்கும் தானியத்தை அவர் பார்ப்பதே இல்லை. அடியில் கிடப்பதில் ஒரு பிடி அள்ளி, முதலில் மூக்கருகே கொண்டு செல்வார். பிறகு காதருகே வைத்து விரல்களால் உருட்டுவார். கடைசியில் இரண்டு மணிகளை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். காய்ந்த சாமை நொறுங்கும், காயாதது நசுங்கும். ஈரம் அளக்கும் கருவியொன்று சங்கத்தில் உண்டு. காசியம்மாள் தம் முடிவைச் சொல்லிய பின்னரே அதனைப் பையிலிருந்து எடுப்பார். "நான் சொன்னத அதுவும் சொல்லுதான்னு பாப்போம்."

சித்தேரி மலையின் அடிவாரத்தில், பாப்பிரெட்டிப்பட்டியைச் சூழ்ந்த ஊர்களில், ஓர் ஏக்கரும் ஒன்றரை ஏக்கருமாகச் சாமை விதைக்கும் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் ஒரு சங்கமாகக் கூடியிருக்கின்றன. அச்சங்கத்திற்காகத் தானியம் பார்த்து ஏற்பவர் இவர். ஐம்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு. மொபெட்டின் முன்புறம் ஒரு சல்லடை, ஒரு வெள்ளைத் துணி, கோணி தைக்கும் ஊசி. தானியம் பார்க்கும் நாள்களில் வாசனைச் சோப்பைத் தொடார், பூவும் சூடார். "மல்லிப்பூவ வெச்சிகினு மோந்து பாத்தா, எல்லா மூட்டையும் கல்யாண வூட்டு மூட்டையாத்தாங்க இருக்கும்" என்றார், அவருடைய வேலையைப் பார்க்கச் சென்றிருந்த என்னிடம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மூட்டைகளை எண் சொல்லி அழைக்கமாட்டார். விளைவித்தவரின் உறவுமுறையைச் சொல்லியே அழைப்பார். "சித்தப்பா காஞ்சிட்டாரு, ஏத்துங்க. பெரியம்மா இன்னும் ரெண்டு வெயிலு பாக்கணும்." சுமை தூக்குவோர் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை.

களத்திற்கும் உண்கலத்திற்கும் இடையே முன்பெல்லாம் ஐந்தாறு கைகள் நின்றன. ஊர்த் தரகர், மண்டிக்காரர், அவருக்கு மேல் இன்னொருவர் என்று கைமாறிக் கைமாறிப் போன தானியத்திற்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இப்போது சங்கமே ஒரு பகுதியைத் தருமபுரி, பெங்களூர் வீடுகளுக்கு நேரே விற்கிறது. தேர்ந்தெடுத்த மற்றொரு பகுதி கப்பலேறுகிறது. கப்பலேறும் ஒவ்வொரு மூட்டையிலும் உழவரின் பெயரும் புல எண்ணும் எழுதிய வெள்ளைச் சீட்டு தைக்கப்படும். யார் நிலத்துத் தானியம் என்பது கடலுக்கு அப்பால் உண்பவருக்கும் தெரியும். ஆயினும் எல்லா மூட்டைகளும் சேர்ந்து ஒரே சுமையாகவே போகும். ஒருவர் மூட்டையில் பிழை நேர்ந்தால் முப்பத்தெட்டுப் பேரின் தானியமும் திரும்பும். சென்ற ஆண்டு அவ்வாறே திரும்பியது. கப்பலேறும் முன்பே, துறைமுகச் சோதனையில் கிருமி கண்டார்கள். மண்தரையில் அடித்த தானியம் என்றார்கள். அதனால் இவ்வாண்டு வீட்டுக்கொரு தார்ப்பாய் கொடுத்து, அதன்மேல் மட்டுமே கதிரடிக்க வேண்டும் என்று சங்கம் விதித்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னவரும் காசியம்மாளே.

கார்த்திகை முதல் வாரத்தில் நஞ்சப்பன் வீட்டுக்கு அவருடன் சென்றேன். நஞ்சப்பன் அவருக்குத் தாய்மாமன். தந்தையை இழந்த அவரை வளர்த்து மணமுடித்துக் கொடுத்தவர். வாசலில் பதினோரு மூட்டைகள் சீட்டுத் தைத்து நின்றன. எழுபது வயதை நெருங்கும் அம்மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் ஒவ்வொரு சீட்டிலும் தம் பெயரை விரலால் தடவிக் கொண்டிருந்தார்.

"வா புள்ள. மாமன் கப்பலேறப் போறேன், வழியனுப்ப வந்தியா?"

"மூட்டை ஏறட்டும், அப்புறம் நீங்க ஏறுவீங்க" என்றபடி காசியம்மாள் கையை உள்ளே விட்டார். மூக்கு ஒப்பியது, காதும் பல்லும் ஒப்பின. வெள்ளைத் துணியில் ஒரு பிடி கொட்டித் தேய்த்தபோது அவருடைய கை நின்றது. மணிகளுக்கிடையே மெல்லிய பொருக்குகள். ஒன்றை நகத்தால் நசுக்கிப் பார்த்தார்.

"மாமா, எங்க வெச்சி அடிச்சீங்க?"

நஞ்சப்பன் முகம் மலர்ந்தது. வைக்கோற்போருக்குப் பின்னால் எங்களை அழைத்துப் போனார். களம் பசுஞ்சாணத்தால் மும்முறை மெழுகப்பட்டிருந்தது. விளிம்பெல்லாம் கோலம், நடுவில் கற்பூரம் எரிந்த கரி. சங்கம் தந்த தார்ப்பாய் மடிப்புக் கலையாமல் போரின்மேல் கிடந்தது.

"மொத மொதல்ல நம்ம தானியம் கடலு தாண்டுது. தார்ப்பாயில கொட்டி அடிக்க இதென்ன ரோட்டோரத்து வியாபாரமா? நானே ஒக்காந்து மெழுகுனேன்."

காசியம்மாள் நகத்தில் ஒட்டியிருந்த பொருக்கைத் துணியில் துடைத்தார்.

"இது போவாதுங்க மாமா" என்றார் பிறகு. "சாணியில இருக்கற கிருமி டெஸ்ட்டுல வந்துரும். நம்ம ஊரு வியாபாரத்துக்கு வெச்சிக்கலாம்."

"அப்ப நம்ம ஊரு வயித்துக்கு ஆவறது அவங்க வயித்துக்கு ஆவாதா?"

"நாம கழுவி, வேக வெச்சித் திங்கறோம். அவங்க மாவா அரைச்சி, வேக வெக்காம பால்ல கலக்கிக் குடிக்கறாங்களாம்."

"எங்கப்பன், எங்க தாத்தன் மெழுகுன களம் புள்ள இது. சாமி கும்புடற எடத்தயும் இதாலதான் மெழுகறோம். இப்ப சொல்லு, சாணி அழுக்கா?"

பாலும் சாணமும் அடங்கிய ஆனைந்தும் ஆண்டவன் திருமுழுக்குக்கு உரியவை என்று ஓதி வளர்ந்தவன் நான்.

லாரியோடு வந்திருந்த சங்கச் செயலாளர் சந்திரமோகன் காசியம்மாளைச் சற்று அப்பால் அழைத்தார். பதினோரு மூட்டை குறைந்தால் ஒப்புக்கொண்ட எடை நிறையாது. வாங்குபவர்கள் அடுத்த ஆண்டு வேறு மாவட்டம் தேடிப் போகவும் கூடும். "அக்கா, நல்லா சலிச்சி நடுவுல போட்டுட்டா யாருக்குத் தெரியப் போவுது? பெரியவரு மொகத்தப் பாருங்க."

"அந்த மொகத்தப் பாத்து வளந்தவ தாண்டா நானு."

"லோடு கொறையுதே."

"கொறையாப் போனா திட்டுவாங்க. கெட்டுப் போனா முப்பத்தெட்டு வூட்டையும் மறந்துருவாங்க. கொறையாவே போவட்டும்."

திரும்பி வந்து தரையில் அமர்ந்தார். கோணி ஊசியின் முனையால் முதல் மூட்டையின் தையலைப் பிரித்தார். சீட்டு கிழியாமல் வர வேண்டும் என்று இழை இழையாக எடுத்தார். நஞ்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாட்டுக்குச் சாமைத் தட்டை அள்ளிப் போடும் சாக்கில் கொட்டகைக்குள் போய்விட்டார். இரண்டாவது, மூன்றாவது என்று பதினொன்றும் பிரிய அரைமணி நேரம் ஆயிற்று. இவ்வளவு நேரமும் அவர் எந்த மூட்டையையும் உறவுமுறை சொல்லி அழைக்கவில்லை.

சீட்டுகளை அடுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். "அடுத்த போகத்துக்கு இதையே தைக்கறேன் மாமா. பேரு அப்டியேதான் இருக்குது" என்று கொட்டகையை நோக்கிச் சொன்னார். உள்ளிருந்து தட்டை சரியும் ஓசை மட்டுமே வந்தது.

"கௌம்பலாமா அக்கா?" என்று சந்திரமோகன் லாரியிலிருந்து கேட்டார்.

காசியம்மாள் லாரிப் பக்கம் வரவில்லை. போரைச் சுற்றிக்கொண்டு, தனியாகக் களத்திற்குச் சென்றார். அங்கு யாரும் இல்லை. விளிம்பில் செருப்பைக் கழற்றினார், குனிந்தார், மெழுகிய தரையைத் தொட்ட விரல்களை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.