அச்சேறும் முன் அண்ணன் கேட்ட கட்டுரை

இந்த ஜெர்மானிய ஊரில் நான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால் ஆட்கள் மேசைமேல் இருக்கும் காகிதங்களைக் கவிழ்த்து வைக்கிறார்கள். எண்ணெய் வழியும் என் தலைதான் காரணமென்று முதல் வாரம் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எல்லோரும் எல்லோரிடமும் அப்படித்தான். ஆய்வு முடிவை ஓர் இதழுக்கு அனுப்பி, முகம் தெரியாத இரண்டு நிபுணர்கள் படித்துச் சரியென்று சொல்லி, அது அச்சாகும்வரை வெளியே மூச்சு விடக் கூடாதாம். விட்டால் யாராவது திருடிக்கொள்வார்களாம். எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று முடிவெடுத்த செய்தி, அவர்கள் பஸ் ஏறுமுன்பே டீக்கடைக்கு வந்துவிட்டது. அந்த ஊர்க்காரியிடம் போய் ரகசியம் காக்கச் சொன்னார் என் பேராசிரியர் ஹெல்கா.

என் ஆய்வு எங்கள் ஏரித் தவளைகளைப் பற்றியது. அண்ணன் தேவராஜுக்குத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் திரும்புகையில் ஏரிக்கரையில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்து, கேசட்டுகளைத் தபாலில் அனுப்புவார். 1991 மழைக்காலத்தில் வந்தவற்றில் ஓர் அதிசயம் இருந்தது. அடித்தொண்டையில் 'குர்ர்ர்' என்று ஒரு குரல். அது தொடங்கினால் மற்ற தவளைகள் கப்சிப். நின்றதும் எல்லாம் சேர்ந்து கத்தும். இது யாரும் அறியாத புது இனம், ஏரிக்கே தலைவன் என்று பன்னிரண்டு பக்கம் எழுதினேன். என் உதவித்தொகை நீடிப்பதே அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

ஹெல்கா வெளியூர் போயிருந்த நாளில் ஜெராக்ஸ் எடுத்து, வெவ்வேறு நாடுகளிலிருந்த ஆறு தவளை ஆய்வாளர்களுக்கு அனுப்பினேன். ஏழாவது பிரதி அண்ணனுக்கு. ஐந்து பேர் பாராட்டி எழுதினார்கள். ஆறாமவர் தம் ஊரிலும் அந்தத் தவளை உண்டு என்றார். அந்தக் கடிதம் ஹெல்காவின் கையில் சிக்க, அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், இனித் தாமதிக்கக் கூடாதென்று கட்டுரையை உறையிலிட்டுத் தபால் அறைக்கு அனுப்பிவிட்டார்.

அன்று மதியமே ஸ்ரீபெரும்புதூர் டெலிபோன் பூத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, நீ எழுதினத சாப்பாட்டு டைம்ல சூப்பர்வைசர் எங்களுக்குப் படிச்சு சொன்னாரு. எல்லாம் நல்லாதான் கீது. ஆனா அது தவள இல்ல. நம்ம ஏழுமல கயினில தண்ணி எறைக்கிற மோட்டாரு. பேரிங் போயி கத்திகினு கீது."

"அப்ப மத்த தவளைங்க ஏன் அடங்குது?"

"கரண்ட் வந்தா மோட்டாரு கத்தும். கரண்ட் போனா தவள கத்தும். இதுல இன்னா ஆராய்ச்சி?"

பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டு ஓடினேன். தபால் அறை ஊழியர் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் எனக்கு ஜெர்மன் மொழியில் இரண்டே சொற்கள்தான் வந்தன. "ஃப்ரோஷ்! ட்ரின்!" என்றேன். தவளை, உள்ளே என்று அர்த்தம். அவர் நிதானமாகக் கையுறை மாட்டிக்கொண்டு, மூட்டையை மேசையில் கவிழ்த்து, பிடித்துப் போட ஓர் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு தவளையைத் தேடத் தொடங்கினார். நான் என் உறையைப் பிடுங்கிக்கொண்டு நழுவினேன்.

ஹெல்காவிடம் மறைக்க முடியவில்லை. "பம்பு" என்றேன். அவர்கள் மொழியிலும் அது 'பும்பெ'தான், விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டியவர், நான் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்த நேரத்தில் நிமிர்ந்து, மோட்டார் சத்தத்துக்குத் தவளைகள் அடங்குவதே எழுதத் தகுந்த விஷயம்தானே என்றார்.

அதையே எழுதினோம். ஆறு பேருக்கும் மன்னிப்புக் கடிதமும் போட்டேன். கட்டுரை அச்சானது, உதவித்தொகையும் நீண்டது. இப்போது ஹெல்காவே, முதல் பிரதி எலக்ட்ரீஷியனுக்குப் போய்விட்டதா என்று கேட்கிறார். ஆறாமவரிடமிருந்து மட்டும் இன்னும் பதில் இல்லை.

நேற்று புதுக் கேசட் வந்தது. ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் மாட்டிக் கேட்டேன். இடது காதில் மழையும் தவளையும், யாரையோ ஓரமாகப் போகச் சொல்லும் அண்ணன் குரலும். வலது காதை, ஹெல்கா கூப்பிட்டால் கேட்கட்டும் என்று திறந்து வைத்திருந்தேன்.