கிழங்கை நட்ட குற்றம்

தை பிறந்தும் எங்களுக்கு வழி பிறக்காத வருஷம் அது. பேரையூருக்கு மேற்கே மலையடியில் எங்கள் ஊர். ஐப்பசி மழை ஏமாற்றியதில் கம்பு கதிர் பிடிக்காமலே கருகிவிட்டது. அப்பா மதுரைக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் அம்மா, எட்டு வயது நான், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். உலையில் ஏதாவது வேக வேண்டுமென்றால் மலைச்சரிவில் வள்ளிக்கிழங்கு தோண்டினால்தான் உண்டு.

அம்மா தோண்டுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடப்பாரையால் இடுப்பளவு குழி பறிப்பாள். கிழங்கு முழுசாக வெளியே வந்ததும் கொடியோடு ஒரு சாண் நறுக்கி, அந்தத் தலையைத் திரும்பக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மிதிப்பாள். பசிக்கிற நேரத்தில் ஒரு சாண் கிழங்கைப் புதைப்பவளை என்ன சொல்வது!

"அதையும் எடும்மா, தம்பிக்கு ஆகும்ல?"

"தலைய எடுத்துட்டா அடுத்த வருசம் எதைடி திங்கிறது? மண்ணையா?"

அவள் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் காட்டுக் காவலுக்கு இருக்கும் ஃபாரஸ்ட் கார்டு வந்து நின்றார். காலையில்தான் அவரைப் பார்த்திருந்தோம். வெட்டுமரம் ஏற்றிய லாரிக்குச் செக்போஸ்ட்டுச் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, டிரைவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அந்தச் சிரிப்பு எங்கே போனதோ!

"ஏம்மா, காட்டுல என்னத்தப் புடுங்குற?"

"புள்ளைக பசியாக் கெடக்குதுக சாமி. நாலு கெழங்குதேன்."

புடுங்குவதுதான் குற்றம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. திருட்டுக் கேஸில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று பயந்து முன்னால் பாய்ந்தேன்.

"எங்கம்மா புடுங்கல சார், நட்டுச்சு! அந்தா தெரியுதே, அம்புட்டுக் கொடியும் எங்கம்மா நட்டதுதேன். வருசா வருசம் நடும்!"

அம்மா என் கையைக் கிள்ளினாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. கார்டு முகத்தில் அந்தச் சிரிப்பு திரும்ப வந்தது. நோட்டை எடுத்து எழுதி அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார். கடப்பாரையையும் கிழங்குக் கூடையையும் சாட்சிப் பொருள் என்று தூக்கிக்கொண்டார். அந்தச் சாட்சி அவர் வீட்டு அடுப்பில் வேகவில்லை என்று யாராவது சத்தியம் செய்யட்டும், பார்க்கலாம்.

கேஸ் இரண்டு வருஷம் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா அம்மா கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்தாள். கேஸ் முடிகிறவரை மலையில் கால் வைக்கக் கூடாதென்று வேறு மிரட்டல். அது முடிவதற்குள் அந்தச் சரிவையே மொட்டையடித்துத் தைலமரம் நட்டார்கள், சரிவு முழுக்க! அவர்கள் நட்டால் அதற்குப் பெயர் காடு வளர்ப்பு. 'காட்டைக் காப்போம்' என்று போர்டு வேறு. ஆடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் மரம் அது. அடுத்து மழை தவறிய வருஷம், தோண்டுவதற்கு ஒரு கொடி இல்லை. சின்னத் தம்பி அந்தக் கோடையைத் தாண்டவில்லை. காய்ச்சல் என்றார்கள். வெறும் வயிற்றில் வந்த காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை.

எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய பிறகு, டிரங்குப் பெட்டியில் கிடந்த அந்தக் கேஸ் காகிதத்தை ஒருநாள் எடுத்துப் படித்தேன். கிழங்கு திருடியதாக அதில் ஒரு வரிகூட இல்லை. காட்டு நிலத்தை ஆக்கிரமித்து வருஷா வருஷம் பயிர் செய்ததாக இருந்தது. 'இதை இவளுடைய மகளே ஒப்புக்கொண்டாள்' என்று கடைசியில் எழுதியிருந்தது.

கார்டு கேஸ் எழுதிய அன்றைக்கு வெறுங்கையோடு மலை இறங்கும்போது நான் வழியெல்லாம் பீற்றிக்கொண்டு வந்தேன்.

"நான் மட்டும் சொல்லலேன்னா உன்னையத் திருட்டுக் கேசுல போட்ருப்பாரும்மா!"

"ஆமாடி தாயி," என்றாள் அம்மா. "நீதேன் காப்பாத்துன."