நகர்ந்த கல்

நான் டெல்லியில் கொத்தனார் வேலை செய்கிறேன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். இதையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஜனவரியில் ஒரு பங்களாவில், தண்ணீர் வடித்த நீச்சல் குளத்தின் ஓரக்கற்களைப் புதிதாகப் பதித்தேன். அந்தக் குளிரில் சிமென்ட் இறுக மூன்று நாளாவது ஆகும். மறுநாள் காலையிலேயே சூப்பர்வைசர் வந்து, "பையா, பக்கா ஹோ கயா?" என்று, இறுகிவிட்டதா என இந்தியில் கேட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, தலையாட்டிவிட்டேன்.

மணல் சட்டியோடு வந்த சித்தாள் செல்வி அக்கா, "நின்னா தாங்குமா தம்பி? என்னையும் சேத்துப் பூசிடாத!" என்று சிரித்தார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார்.

"தாங்கும்க்கா" என்றேன்.

கால் வைத்ததும் கல் நகர்ந்தது. அக்கா காலிக் குளத்துக்குள் விழுந்தார். எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நான் குனிந்து, அந்தக் கல்லைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். அதன் பிறகுதான் ஓடினேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. "பனி ஈரத்துல வழுக்கிடுச்சு தம்பி. பாத்து நடக்கல, என் தப்புதான்" என்றார் ஆஸ்பத்திரியில்.

இனி அவரால் சுமை தூக்க முடியாது. அந்தக் கல்லைத் தள்ளும்வரை, நான் வெறும் கூச்ச சுபாவக்காரன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.