காகிதக் குடோனில் ஒரு பூவாளி

தீபாவளி முடிந்து, மூடிக் கிடந்த பட்டாசு ஆலைகளைப் பூஜை போட்டுத் திறக்கிற சமயத்தில், எம். புதுப்பட்டிப் பக்கம் போனால் பட்டாசுக்குக் காகிதம் வெட்டிக் கொடுக்கிற அந்தக் குடோனின் முன்னால் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போவது என் வழக்கமாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பச்சைப் பூவாளி தொங்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாதாரணப் பிளாஸ்டிக் பூவாளிதான். வெளியூர்க்காரர்களுக்கு அது கண்ணில்கூடப் படாது. சிவகாசிக்காரர்கள்தான் காகிதம் இருக்கிற இடத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஈரக் காலோடு உள்ளே நுழைந்தாலே முதலாளிக்கு முகம் சுருங்கிப் போகும் இடம் அது. அங்கே தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தவர் எங்கள் மேடம்.

மேடம் என்றால், மாவட்டத்தில் தொற்றுநோய்களைக் கவனிக்க வந்திருந்த டாக்டர். விருதுநகரிலேயே பிறந்து வளர்ந்த வியாபாரக் குடும்பத்துப் பெண். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். நான் அவரிடம் வேலை பார்த்த சுகாதார ஆய்வாளர். கொசுப்புழு பார்க்கிறேன் என்று வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டதில் எனக்குத் ‘தொட்டி சார்’ என்று ஊரில் ஒரு பட்டம் உண்டு. அவருக்கும் பின்னால் ஒரு பட்டம் கிடைத்தது. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று இருந்தது. யார் எதைக் கேட்டாலும், “தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுதேன்” என்பார். அழுகிற ஆளிடம்கூட ஆறுதலுக்காக ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லமாட்டார். இதென்ன கல்நெஞ்சு என்று நான் மனதுக்குள் திட்டியதுண்டு.

கொரோனா அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அந்தக் குடோனில் காகிதம் வெட்டும் மிஷினில் வேலை பார்த்தவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. முதுகுவலி, கண் சிவப்பு, பிறகு சிறுநீர் குறைந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லாரும் எலிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். அந்தப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை. பெரிய ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் போய், ‘ஹண்டா வைரஸ்’ என்று பதில் வந்தது. இதுவும் எலியிடமிருந்து வருவதுதான், ஆனால் நாம் சொல்லும் எலிக்காய்ச்சல் இல்லை. இதை ஊருக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் மெல்லத் தேறி எழுந்து உட்கார்ந்த நேரத்தில், அவருடைய மனைவிக்கு அதே காய்ச்சல் வந்தது. பரிசோதனையிலும் அதுவே வந்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பெண் குடோன் பக்கமே போனதில்லை. வீட்டிலிருந்தபடி சரவெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுப்பவர். எனவே புருஷனிடமிருந்துதான் தொற்றியது என்று தெரு ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டது. போதாக்குறைக்கு ஒரு வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. அதில் யாரோ, ஹண்டா வைரஸ் ஆளுக்கு ஆள் பரவும் என்று அடித்துச் சொன்னார். சிகிச்சை முடிந்து அந்தப் பெண் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அவர் கையால் உருட்டிய குழாய் வேண்டாமென்று ஆலையிலும் சொல்லிவிட்டார்கள். அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை, கவலையெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். அவருக்கு அப்போதுதான் நடக்கப் பழகிய ஒரு பெண் குழந்தை. காய்ச்சல் வந்த அன்றே அதைத் தாயில்பட்டியிலிருந்து வந்த நாத்தனார் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, பயந்துபோனார். போனில் குழந்தையைக் காட்டுவார். அது திரையில் அம்மாவைப் பார்த்ததும் போனை நக்கும், அப்புறம் வீறிட்டு அழும். அவ்வளவோடு போனை வைத்துவிடுவார்கள்.

நாங்கள் முதல்முறை அந்த வீட்டுக்குப் போனபோது அவர் கதவுக்குள்ளேயே சுவரோடு ஒட்டி நின்றார். “அங்கனயே நில்லுங்க மேடம். கிட்ட வராதீக” என்றார். மேடம் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “என் பிள்ளைய நான் தூக்கலாமா?”

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். தூக்கலாம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று இருந்தது. அவரோ, “தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுதேன். கொஞ்சம் பொறுங்க” என்றார். ஜீப்பில் திரும்பும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “அவங்களுக்குப் புருஷன்கிட்ட இருந்து வந்திருந்தா, பிள்ளைக்கும் அவங்ககிட்ட இருந்து வரும். அதை நான் எப்படி சார் ஊகத்துல சொல்ல?” என்றார்.

அதற்கப்புறம் மேடம் எங்களை உட்கார விடவில்லை. காய்ச்சல்காரருடன் நெருங்கி இருந்தவர்களையெல்லாம் தேடினோம். ஆஸ்பத்திரியில் கூடவே படுத்து, கஞ்சி ஊட்டி, வாந்தி அள்ளிய தம்பி. ஊசி போட்ட நர்ஸுகள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போன நண்பர்கள். இவர்கள் ரத்தத்தை ஒருமுறை எடுத்து, சில வாரம் விட்டு மறுபடியும் எடுத்தோம். குடோனில் கூண்டு வைத்து எலி பிடித்தோம். எலிக் கூண்டோடு நான் ஜீப்பில் ஏற, டிரைவர் இறங்கிக்கொண்டார். மேடம் அசராமல், “அப்ப நான் ஓட்டுதேன், நீங்க எலிக்குத் துணையா உட்காருங்க” என்று அவரிடம் சொன்னதும் மனுஷன் மறுபேச்சில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ‘எலி மேடம்’ என்ற பட்டம் அன்றைக்கு வந்தது.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. தம்பிக்கு ஒன்றுமில்லை. நர்ஸுகளுக்கும் நண்பர்களுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் குடோன் திறந்த அன்று காய்ச்சல்காரரோடு சேர்ந்து பெருக்கிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்ட லோடுமேன் ஒருவருடைய ரத்தத்தில், வைரஸ் வந்துபோன அடையாளம் இருந்தது. அவர் அதன்பிறகு காய்ச்சல்காரரைப் பார்க்கவே இல்லை. எலிகளிடமும் அதே வைரஸ் இருந்தது. ஆலை மூடிக் கிடந்த மாதத்தில், குழாய் ஒட்டுகிற மைதாப் பசையைத் தின்று எலிகள் குடோனுக்குள் குடித்தனமே நடத்தியிருந்தன. அந்தப் புழுக்கையையும் காய்ந்த மூத்திரத்தையும் வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கியபோது கிளம்பிய தூசியைத்தான் இவர்கள் சுவாசித்தார்கள். “வெடிமருந்து ரூமுல தண்ணி தெளிக்காம துடைப்பத்தையே தொட மாட்டோம் மேடம். ஆனா காகித குடோன்ல தண்ணி பட்டா சரக்கு போச்சுல்லா” என்றார் தேறி வந்த புருஷன். நெருப்புக்குப் பயந்து ஓரிடத்தில் நனைப்பதும், ஈரத்துக்குப் பயந்து இன்னோரிடத்தில் நனைக்காததும் எங்கள் ஊர்ப் பழக்கம்.

இவ்வளவு தெரிந்தும் அந்தப் பெண்ணுக்கு எப்படி வந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. அது தெரியாதவரை மற்ற எல்லாம் சேர்ந்தும் அவருக்குப் பதில் இல்லை. மேடம் மறுபடி அந்த வீட்டுக்குப் போய், “நீங்க வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன செஞ்சீகளோ, அதை அப்படியே செஞ்சு காட்டுங்க” என்றார். ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதிலேயே அந்தப் பெண்ணுக்கு முகம் தெளிந்தது. பலகையைப் போட்டார், பசைக் கிண்ணத்தை எடுத்தார். பிறகு மூலையில் சுருட்டி வைத்திருந்த சாக்கை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கச் சுவரை நோக்கி நடந்தார். உருட்டிய குழாயைப் போட்டுக் கொடுக்கிற சாக்கு அது. சீசன் இல்லாதபோது குடோனிலேயே கிடக்கும். திறந்ததும் புருஷன் கொண்டுவந்து கொடுப்பார். அந்தப் பெண் அதை உதறுவதற்காக ஓங்கினார்.

“உதறாதீக” என்றார் மேடம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

சாக்கின் மடிப்பில், கடித்துக் குதறிய காகிதத்துக்கு நடுவே எலிப் புழுக்கை இன்னும் ஒட்டியிருந்தது. புருஷனுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே இந்தப் பெண் அதைச் சுவரில் அடித்து உதறி, அந்தத் தூசிக்குள் நின்றிருக்கிறார். இருவருக்கும் வந்தது ஒரே குடோனின் தூசியிலிருந்து. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இல்லை.

கையுறை போட்டுச் சாக்கை ஈரப்படுத்திப் பையில் கட்டிவிட்டு, மேடம் கை கழுவி வந்து உட்கார்ந்தார். ஆளுக்கு ஆள் பரவியதாகத் தெரிந்திருப்பது தென் அமெரிக்காவில் உள்ள ஒரு வகைதான், இங்கே பார்த்தது அந்த வகை இல்லை, புருஷனைத் தொட்டுப் பழகிய யாருக்கும் வரவில்லை என்று பொறுமையாக விளக்கினார். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “அம்புட்டும் எனக்கு வெளங்கல மேடம். பிள்ளைய நான் தூக்கலாமா?” என்றார்.

“தூக்குங்க. முத்தம் குடுங்க. பக்கத்துல போட்டுத் தூங்குங்க” என்றார் மேடம்.

இந்த மனுஷி முன்னாலேயே சும்மா சொல்லியிருந்தால் அந்த வார்த்தைக்கு இவ்வளவு கனம் இருந்திருக்காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜீப்பை நேரே தாயில்பட்டிக்கு விட்டோம். நாத்தனார் கேட்டதற்கெல்லாம் மேடம் பதில் சொன்னார். வரும் வழியெல்லாம் குழந்தை மேடத்தின் மடியில் உட்கார்ந்து அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. தெருவில் இறங்கியபோது, ஊர் பார்க்கட்டும் என்று அதை இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்தார். குழந்தை முதலில் அம்மாவை அடையாளம் தெரியாததுபோலப் பார்த்தது. பிறகு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது, திரும்பவே இல்லை. அந்தப் பெண் அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

மறுநாளே மேடம் பூவாளியோடு குடோனுக்குப் போனார். கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டுக் காற்றாட விட வேண்டும், காகிதத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டுத் தரையில் பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று நின்று செய்துகாட்டினார். முதலாளி தார்ப்பாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே தவித்த தவிப்பைப் பார்க்க வேண்டும். கடைசியில், “சரி, எல்லாரும் நல்லா இருந்தாச் சரி” என்று அவரே ஆணி அடித்துக் கொடுத்தார். பிறகு மேடம் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

இந்த வருடமும் எட்டிப் பார்த்தேன். பூவாளி ஆணியில் இல்லை, கழுவிக் கவிழ்த்து வாசலில் காய வைத்திருந்தது. உள்ளே தரை இன்னும் ஈரம் உலராமல் இருந்தது. புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அந்தப் பெண் மரநிழலில் உட்கார்ந்திருந்தார். “வாங்க தொட்டி சார், சாப்பிட்டீகளா?” என்றார். அவருக்கு நல்ல ஜலதோஷம், குரல் கட்டியிருந்தது, பேச்சுக்கு நடுவே தும்மினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அவர் மடியில் தலையை வைத்து, அவர் தட்டிலிருந்தே அப்பளத்தை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். எழுந்து தள்ளி உட்கார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.