வசந்தா சொன்ன பெயர்

போன மாதம் பொத்தேரியில் மகளின் கல்லூரியில் நாடகம். "அம்மா, ஊக்கு பாக்கெட் எடுத்துட்டு சீக்கிரம் வா" என்று போன் வந்தது, ஓடினேன். மேக்கப் அறைக்குள் கால் வைத்ததும் பவுடரும் பான்கேக்கும் வியர்வையும் கலந்த அந்த வாசனை. சட்டென்று எனக்கு இருபத்திரண்டு வயது ஆகிவிட்டது. முட்டிவலிகூடக் கொஞ்ச நேரம் காணாமல் போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது திருமுடிவாக்கம் எஸ்டேட்டில், தகடு அடித்து வாஷர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. பகலெல்லாம் மிஷின் சத்தம் டம் டம் என்று காதில் விழும். சாயங்காலம் சேலையூரில் நாடக ஒத்திகை. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹால். பேங்கில் வேலை பார்த்த ஜான்சன் அண்ணன்தான் டைரக்டர், அப்பா வேஷமும் அவரே. என் நடிப்பைப் பார்த்து அவர் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். 'இந்தப் பொண்ணை வீட்டுல விடுவாங்க' என்பது ஒன்றுதான் என் தகுதி.

எங்களுக்கு முந்தின தலைமுறையே மேடை மேடையாகப் போட்டுத் தேய்ந்த நாடகம் அது. ரைஸ் மில் முதலாளியின் மகள் வசந்தா. முதல் காட்சியில் ஊஞ்சலில் உட்கார்ந்து நிச்சயதார்த்தப் புடவைக்கு ரவிக்கை பொருந்தவில்லை என்று அழுவாள். அப்புறம் மில் சுவர் இடிந்து ராக்கு என்கிற கூலிக்காரி செத்துப்போவாள். அவள் குடிசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த வசந்தாவுக்கு அதன் பிறகு சோறு இறங்காது. கடைசியில் போலீஸ் வரும்போது அப்பா, "அப்படி ஒருத்தி இங்கே வேலையே பார்க்கலை" என்பார். வசந்தா குறுக்கே வந்து, "பார்த்தா. அவ பேர் ராக்கு" என்பாள். திரை விழும்.

ரவிக்கைக்கு அழும் காட்சியை முதல் நாளே பிரமாதமாகச் செய்துவிட்டேன். அதற்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடைசி வசனம்தான் வரமாட்டேன் என்றது.

"ஏம்மா, ரேஷன் கார்டுல பேர் படிக்கிற மாதிரி படிக்கிறியே!" என்று ஜான்சன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொள்வார்.

கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டியவர்களில் அமுதா அக்கா என்று ஒருத்தி. கடலோரக் குப்பத்தில் பிறந்து, அனகாபுத்தூரில் வாக்கப்பட்டவள். அவள் டப்பாவைத் திறந்தால் நெத்திலிக் கருவாட்டு வாசம் ஆபீஸ் வரைக்கும் வரும். நான் என் தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். தொட்டுக்கொள்ள ஒரு துண்டு வைத்து, நாடகக் கதையைக் கேட்டுவிட்டு, "ட்ராமால நெஜமாவே அழுதுகினு நடிப்பியா பாப்பா?" என்று கேட்பாள்.

ஒரு வியாழக்கிழமை மிஷின் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் என்றும் சொல்ல முடியாது, பொங்கலுக்கு எல்லோருக்கும் கரும்பு வாங்கிக் கொடுத்தவர்தான்.

"அந்தம்மாவுக்கு இ.எஸ்.ஐ. போடலைம்மா. வேலை கேட்டு வந்தவ, தெரியாம மிஷின்ல கைய வச்சிட்டான்னு சொல்லிக்கலாம். அவ பேர் இல்லாம வருகைப் பதிவேட்டைப் புதுசா எழுதிடு."

எழுதினேன். அவள் வேலைக்குச் சேர்ந்து ஆன எட்டு மாதத்தையும் உட்கார்ந்து எழுதினேன். முடித்ததும் "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்றார். எனக்கு அதில் சந்தோஷம்கூட வந்தது. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அன்று ஒத்திகையில் 'பார்த்தா' என்பதற்கு மேல் வாய் எழவில்லை. மேடையிலேயே உட்கார்ந்து ஜான்சன் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர், "எனக்கு என்னம்மா சொல்லத் தெரியும்? நானும் மேனேஜரைப் பார்த்தா எழுந்து நிக்கிறவன்தான்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அமுதா அக்காவிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ இன்னா பண்ணுவ, உனக்கும் வேல வோணும்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தக் கதைல வர்ற பொண்ணு கடைசில சொல்லிடுதா?"

"சொல்லிடுவாக்கா."

"அப்பால அதுக்கு இன்னா ஆவுது?"

"தெரியலக்கா. திரை விழுந்துடும்."

"நல்லா எழுதினானுங்க போ" என்று சிரித்தாள்.

விபத்தை விசாரிக்க லேபர் ஆபீசர் வந்த அன்று முதலாளி பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் இரண்டையும் கொண்டுபோனேன். முதலாளி எடைக்குப் போடச் சொன்ன பழைய பதிவேடு ஆபீஸில் என் பீரோவிலேயே இருந்தது. வீரவசனம் எதுவும் பேசவில்லை. பதிவேடுகளை வைக்கிற அவசரத்தில் மேஜைமேல் டீயைக் கொட்டினேன். "சார், இது நான் மாத்தி எழுதினது. இதுதான் நிஜம். எட்டு மாசமா வேலை பார்க்கிறாங்க. பேர் அமுதா." அவ்வளவுதான்.

முதலாளி கத்தவில்லை. "நாளைலேர்ந்து வராதம்மா" என்றார். அமுதா அக்காவுக்கு, அலையவிட்டுத்தான் என்றாலும், பென்ஷன் கிடைத்தது. எனக்கு மூன்று மாதம் வேலை கிடைக்கவில்லை. வீட்டில் அப்பா என்னோடு பேசவில்லை, ஆனால் நாடகத்தன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று கடைசிக் காட்சியில் மைக் கொய்ங் என்று அலறிவிட்டுச் செத்தது. பின்வரிசையில் விசில் அடித்தார்கள், யாரோ கோழி மாதிரி கத்தினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல்: "ஏய், சும்மா கெடங்கப்பா! அது பேசட்டும்!" அமுதா அக்கா எழுந்து நின்றிருந்தாள். ஹால் அடங்கியது. மைக் இல்லாமலே அந்த வசனத்தைச் சொன்னேன். அதற்கு முன்போ பின்போ நான் அப்படி நடித்ததில்லை.

அந்த ஹாலை இடித்து நாலு மாடி ஃபிளாட் கட்டிவிட்டார்கள். குழுவும் கலைந்தது. ஜான்சன் அண்ணன் மகனோடு வெளியூர் போய்விட்டார், நாடக நோட்டும் அவரோடு போயிற்று. அமுதா அக்கா தவறி ஆறு வருடம் ஆகிறது.

சமீபத்தில் வீட்டு கிரில் விஷயமாகத் திருமுடிவாக்கம் போனேன். எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் பெரிய குடோன். சாப்பாட்டு நேரம். வாசலில் நாலைந்து பெண்கள் சுவரோரம் ஆளுக்கொரு பக்கம் திரும்பி அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் இவங்க என்று வாட்ச்மேனைக் கேட்டேன். "காண்ட்ராக்ட் ஆளுங்க மேடம். வாரத்துக்கு வாரம் மாறுவாங்க, பேரெல்லாம் நமக்குத் தெரியாது" என்றார்.

அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பெயர் கேட்காமலே வண்டியில் ஏறிவிட்டேன்.