அக்காவின் பக்கத்து இடம்

என் அக்காவின் கணவருக்குப் பொறாமை கூடவே பிறந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போடும்போதுகூட, அக்கா இந்நேரம் யாரோடு பேசிக்கொண்டிருப்பாள் என்றுதான் யோசிப்பாராம். நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அவரே என்னிடம் சொன்னார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் ஃப்ரேமை வைத்து, காதோரம் அழுத்துகிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள். மாமா அவளை முதலில் பார்த்ததே அந்தக் கடையில்தான். பார்வையில் ஒரு குறையும் இல்லாத மனிதர், தலைவலி என்று சொல்லிப் பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கினார். பிறகு அது காதில் உறுத்துகிறது, மூக்கில் வழுக்குகிறது என்று வாரம் தவறாமல் வந்து முகத்தை நீட்டினார். கல்யாணம் ஆனதும் அவர் போட்ட முதல் கட்டளை, "இனிமே ஆம்பளைங்களுக்கு நீ கண்ணாடி மாட்டிவிட வேணாம்." தான் வந்த வழி அவருக்குத் தெரியாதா என்ன? அக்கா கேட்டுச் சிரித்துவிட்டு மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள்.

எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன பிறகு அக்காவும் நானும் ஒரே கட்டிலில், ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். இவர் வந்து அவளைக் கொத்திக்கொண்டு போய்விட்டார். எனக்கு இருந்த வயிற்றெரிச்சலை எல்லாம் கொழுந்தியாளின் கிண்டல் என்று ஊரே எடுத்துக்கொண்டது. எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

இந்த லட்சணத்தில்தான் துரை வந்து சேர்ந்தது. மாமா வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டு, நாயை மட்டும் மொட்டைமாடியில் கட்டிப்போட்டுப் போய்விட்டார்கள். பாவம் பார்த்து அதை வீட்டுக்குக் கூட்டிவந்தவர் சாட்சாத் மாமாவேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். வந்த அன்று அது அக்காவின் காலடியில் படுத்தது. கொஞ்ச நாளில் சோபாவில் ஏறி அவள் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. அது மாமா உட்காரும் இடம். நாய் கால் நீட்டிப் படுத்திருந்த தோரணையைப் பார்த்து, துரை என்று பேர் வைத்தவள் நான்.

மாமா சோபாப் பக்கம் வந்தால் துரையின் உடம்பு விறைத்துவிடும். நாக்கைத் தொங்கப்போட்டிருந்த வாய் பட்டென்று மூடிக்கொள்ளும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும். அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து உறுமல் வரும். மாமாவும் சளைத்தவர் இல்லை. "யார் வீட்ல யாருடா உறுமறது?" என்று செய்தித்தாளைச் சுருட்டி அதன் மூக்கிலேயே போடுவார். அடிக்க அடிக்க உறுமல் குறைந்தது. ஒருநாள் நின்றே போயிற்று. உடனே எனக்குப் போன் போட்டார். "பாத்தியா? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க!"

மறுநாள் காலையில் அக்காவிடம் டீ டம்ளரை நீட்டினார். துரை ஒரு சத்தமும் கொடுக்காமல் பாய்ந்து அவர் கையைக் கவ்விவிட்டது.

தையல் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார். "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"அது போனா நானும் கூடவே போயிடுவேன்" என்றாள் அக்கா. அவள் கோபம் நாயோடு முடிகிற கோபம் இல்லை. யார் போன், ஏன் லேட்டு, அவன்கிட்ட என்ன சிரிப்பு என்று வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. அந்தச் சமயம் பார்த்து அவள் முதலாளியான கண் டாக்டர், என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் புதுக் கடை திறக்கப் போவதாகச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். அக்கா என்னிடம் கேட்டாள். "அங்க மாத்திக்கிட்டு உன்கூட வந்துடட்டுமாடி? துரையையும் கூட்டிட்டு வரேன்." கேட்ட வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது எனக்கு. அன்று மாலையே ஒரு கட்டில் வாங்கி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன்.

ஆனால் அவள் உடனே வந்துவிடவில்லை. டாக்டரிடம் மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகத் தவணை கேட்டிருந்தாள். அதற்குள் துரையைப் பழக்கிப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் கிளம்பிவிடுவது என்று அவள் கணக்கு. பழகக் கூடாது என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன்.

கடிக்கிற நாய்களைப் பழக்குகிற ஒரு அம்மாளை அக்கா வரவழைத்தாள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். நெடுநெடுவென்று உயரம், இடுப்பில் கட்டிய பை நிறைய வேகவைத்த கோழித் துண்டுகள். அவள் துரையை நேராகப் பார்க்கவே இல்லை. கதவோரம் பக்கவாட்டில் நின்றுகொண்டு மாமாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"கடிக்கறதுக்கு முன்னாடி உறுமிச்சா?"

"அதெல்லாம் இல்லைங்க. உறுமற பழக்கத்த நான் அடிச்சே நிறுத்திட்டேன்" என்றார் மாமா, கட்டுப் போட்ட கையோடு.

"உங்களுக்கு என்ன வேலை?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"ஆள் அதிகமா ஏறினா லிஃப்ட்ல ஒரு மணி கத்துமே. அந்தச் சத்தம் தொல்லையா இருக்குன்னு யாராவது ஒயரை அறுத்துட்டா?"

மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அறுத்தவன் கையை ஒடிப்பேன்! போன மாசம்கூட ஒரு வாட்ச்மேன் அப்படித்தான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். தன் கைக்கட்டைப் பார்த்தார்.

"பயமா இருக்கு, கிட்ட வராதேன்னு அது சொல்லிட்டுதான் இருந்துச்சு" என்றாள் அந்த அம்மாள். "நீங்க சொல்றத நிறுத்திட்டீங்க. பயம் அப்படியேதான் இருக்கு."

பிறகு ஆளுக்கொரு வேலை கொடுத்தாள். கோழி இனி மாமாவின் கையிலிருந்துதான் வர வேண்டும். அவர் வாசல்படியில் நின்று, நாயைப் பார்க்காமல், குனியாமல், ஒரு துண்டைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். அவர் வந்தால் கோழி வரும், போனால் கோழியும் போய்விடும். அக்காவின் வேலை வேறு. துரை உறுமினால் திட்டவும் கூடாது, தடவிக்கொடுக்கவும் கூடாது. சத்தமில்லாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். "அது காவல் காக்கறது உங்களைத்தான். நீங்களே எந்திரிச்சுப் போயிட்டா அப்புறம் காவலுக்கு என்ன வேலை?"

அந்நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. கடையில் கூட வேலை பார்க்கும் பையன். மாமாவின் உடம்பு விறைத்தது. வாய் மூடிக்கொண்டது. கண் மட்டும் ஓரமாகப் போனது. அந்த அம்மாள் அவரையும் பார்த்தாள், துரையையும் பார்த்தாள். "பழக்க வேண்டியது ரெண்டு இருக்கும் போல" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தது நான்தான்.

ஆரம்பத்தில் மாமா கோழித் துண்டைக் கல் எறிவது போல எறிந்தார், துரை சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தது. "என் வீட்டுக்குள்ள நானே திருடன் மாதிரி நடக்க வேண்டியிருக்கு" என்று என்னிடம் புலம்பினார். ஆனாலும் விடவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை என்று வந்து போட்டுவிட்டுப் போனார். உறுமல் திரும்ப வந்தது. அது நல்லதுக்குத்தான் என்றாள் பழக்குகிற அம்மாள். அதற்கப்புறம் உறுமல் தானாகவே தேய்ந்தது. அவர் பைக் சத்தம் கேட்டதும் வாலை ஆட்டியது என்று ஒருநாள் போனில் குதித்தார். நான் இந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம் மாமா" என்றேன்.

அக்கா அதோடு விடவில்லை. "யாரு போன்ல? எதுக்கு இவ்ளோ சிரிப்பு?" என்று மாமா கேட்டால், பதில் சொல்லாமல், முகத்தைச் சுளிக்காமல், எழுந்து உள்ளே போய்விடுவாளாம். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தியிருக்கிறார். "நான் என்ன நாயா?"

"நாய் சீக்கிரம் கத்துக்கிச்சு" என்றாளாம் அக்கா உள்ளேயிருந்து. என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பழைய கசப்பு இல்லை. எனக்குப் பகீர் என்றது. புதுக் கட்டிலுக்கு விரிப்பும் தலையணையும் வாங்கி வைத்துவிட்டு, அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

பதில் கேட்க டாக்டரே வீட்டுக்கு வந்தார். எதிர் நாற்காலியில் அவர், சோபாவில் அக்கா, சுவரோரம் ஸ்டூலில் மாமா, மாமாவின் காலடியில் துரை. நான் எல்லோருக்கும் டீ கொடுத்து, பிஸ்கட் தட்டை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் பேச்சில் கஞ்சத்தனம் இல்லாதவர். "உங்க கைராசிக்குத்தாம்மா கூட்டம் வருது. நீங்க சிரிச்சாலே பாதிப் பேருக்குப் பார்வை தெளிஞ்சுடுது. நீங்க இல்லாம புதுக் கடை ஓடாது."

மாமாவின் வாய் மூடிக்கொண்டது. நான் பார்த்தேன். இதோ கடிக்கப் போகிறார் என்று எனக்கு உள்ளூர ஒரே குஷி. அக்காவும் பார்த்துவிட்டாள். எழுந்திருக்கச் சோபாவில் உள்ளங்கையை ஊன்றினாள். இந்தத் தடவை எழுந்தால் நேராக என் வீட்டுக்குத்தான்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மாமா. "நீங்க இவளை இப்படிப் புகழ்ந்தா எனக்கு வயிறு எரியுது. உங்க மேல தப்பே இல்ல. இவ என்னை விட்டுட்டுப் போயிடுவாளோன்னு எனக்கு எப்பவும் பயம். அதான் குதறிடறேன்."

டாக்டர் வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். "வயித்துக்கு நான் டாக்டர் இல்லையேப்பா" என்று ஒருவழியாகச் சமாளித்தார்.

அக்கா ஊன்றிய கையை எடுத்தாள். சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "இங்க வந்து உக்காருங்க" என்றாள். மாமா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். துரை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

"புதுக் கடைக்கு வரேன் சார்" என்றாள் அக்கா டாக்டரிடம். "ஆனா வீடு இதுதான். பஸ்ல வந்து போயிக்கறேன்."

"அப்ப நான் வாங்கிப் போட்ட கட்டிலு?" என்றேன். என் குரல்தான், ஆனால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டாராம், உடனே உருகிட்டா! இத்தனை வருஷம் நீ யார்கிட்ட போன் பண்ணி அழுதே? அவரும் வேணும், நாயும் வேணும், நான் மட்டும் உனக்கு யாரு?"

அக்கா என்னைத் திட்டவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். துரை என்னைப் பார்த்தது. மாமா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, பிஸ்கட் தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.